கொட்டகையும் பள்ளிக்கூடமும்

தமிழ்நாட்டை ஒரு நூற்றாண்டாக ஆட்டிவைக்கும் கலை எது என்று கேட்டால், எழுத்தறியாத பாட்டியும் தயங்காமல் சொல்வாள், திரைப்படம் என்று. அந்தக் கலையைப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் தனிப்பாடமாகப் பயில அரசுப் பள்ளி மாணவர்க்கு வழியுண்டா என்று கேட்டால், கற்றறிந்த கல்வியாளரும் கைவிரிப்பார். இயற்பியல் உண்டு, வணிகவியல் உண்டு, வரலாறு உண்டு. கண்விழித்தது முதல் கண்மூடும் வரை பிள்ளைகளின் கண்முன் ஓடிக்கொண்டிருக்கும் படத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர மட்டும் வகுப்பில்லை! இந்த விந்தை விளைந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1905 ஆம் ஆண்டு. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1914 இல் கோவையில் வெரைட்டி ஹால் எழுந்தது. சென்னையில் மோட்டார் வணிகராக இருந்த நடராச முதலியார், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் படக்கருவியைக் கையாளக் கற்று, அந்தப் பத்தாண்டின் இறுதியில் 'கீசகவதம்' எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப்படம் அது. 1931 இல் 'காளிதாஸ்' வந்தது. படம் பேசத் தொடங்கிற்று.

இவர்களுள் எவருக்கும் இக்கலையைக் கற்பிக்கப் பள்ளி இருந்ததில்லை. கண்டு கற்றார்கள், கைப்பொருள் இழந்து கற்றார்கள். அவர்கள் கட்டிய கொட்டகையோ, கோயிலும் குளமும் செய்யாத ஒன்றைச் செய்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் திரையரங்கே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரையா, பெஞ்சா, நாற்காலியா என்பதைத் தீர்மானித்தது சாதியன்று, கையிலிருந்த காசு. காசு வேற்றுமையும் வேற்றுமைதான். ஆயினும் பிறப்பின் வேலியில் அது பெரிய உடைப்பன்றோ?

அரசு இக்கலையைக் கவனிக்காமல் இல்லை. எப்படிக் கவனித்தது என்பதே கேள்வி. முதலில் கத்தரிக்கோலோடு வந்தது: 1918 இல் தணிக்கைக்குச் சட்டம் செய்தது. பிறகு விசாரணையோடு வந்தது: 1927 இல் சென்னை வழக்கறிஞர் டி. இரங்காச்சாரியார் தலைமையில் குழு அமைத்து, பல தொகுதிகளாகச் சாட்சியம் திரட்டியது. அடுத்துத் தொழிற்பயிற்சியோடு வந்தது: 1945 இல் சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கத் தொடங்கினர். எஸ்.கே. பாட்டீல் குழு 1951 இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1960 இல் பூனாவில் திரைப்படக் கல்லூரி பிறந்தது. படம் எடுப்பவருக்குப் பயிற்சி கிடைத்தது, நன்று. படம் பார்க்கும் கோடிக்கணக்கானவருக்கு? 1978 இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதும், திரைப்படம் வகுப்பறைக்கு வெளியேதான் நின்றது.

படிக்கத்தக்கது என்று கருதப்படாத பொருள் பாதுகாக்கத்தக்கது என்றும் கருதப்படுவதில்லை. 'கீசகவதம்' இன்று இல்லை, 'காளிதாஸ்' இன்று இல்லை, படச்சுருள்கள் அழிந்துபோயின. சங்கச் சுவடிகளைக் கறையான் தின்றதற்குக் கண்ணீர் வடித்த நாடு, தன் கண்ணெதிரே அழிந்த சுருளுக்குக் கவலைப்படவில்லை.

திரையின் ஆற்றலை நம் தலைவர்கள் அறிந்திருந்தார்கள். பெரியார் சினிமாவை நாட்டைப் பிடித்த நோய்களுள் ஒன்றென்று சாடினார். அண்ணாவோ 1949 இல் 'நல்லதம்பி', 'வேலைக்காரி' படங்களுக்கு எழுதினார். 1952 இல் கலைஞரின் உரையாடலோடு 'பராசக்தி' வந்தது. ஒருவர் கடிந்தார், மற்றவர் கைக்கொண்டார். வழி வேறு, ஆனால் திரை மக்களின் மனத்தை உருக்கி வார்க்கும் உலை என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஐயப்பட்டது பள்ளிக்கூடம் மட்டுமே! பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு, உலையில் விழும் பிள்ளைகளை வேடிக்கை பார்த்தது.

விளைவு யாது? 1975 இல் 'ஜெய் சந்தோஷி மா' என்னும் இந்திப் படம் ஓடிய அரங்குகளில், மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, திரையை நோக்கிப் பூத்தூவி வழிபட்டார்கள். திரையில் தெய்வம் தோன்றி மறையும் விதம் என்ன? கருவியை நிறுத்துகிறார்கள், நடிகர் விலகுகிறார், மீண்டும் சுழற்றுகிறார்கள். திரைப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே பிரெஞ்சு மந்திரவித்தைக்காரர் மெலியே கையாண்ட உத்தி இது. பத்து நிமிடத்தில் வகுப்பில் செய்துகாட்டலாம். செய்துகாட்டிய பின், திரைமுன் கற்பூரம் ஏற்ற எந்த மாணவர் எழுவார்?

அற்புதம் மட்டுமா? சோவியத் நாட்டின் குலஷோவ், ஒரே நடிகரின் ஒரே முகத்தை உணவுக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி இணைத்துக் காட்டினார். முகம் மாறவில்லை, பார்த்தவர்கள் பசியையும் துயரையும் அதில் கண்டார்கள். இணைப்பே பொருளைப் படைக்கிறது! இதை அறிந்த மாணவி, விரட்டி விரட்டித் தொல்லை தருபவனைப் பாட்டும் இசையும் காதலனாக்குவதைக் கண்டுகொள்வாள். இதை அறிந்த மாணவன், அரிவாளைத் தூக்கிய சாதித்திமிர் வீரமாக்கப்படுவதைக் கண்டுகொள்வான். பதினாறு வயதில் காதலையும் வீரத்தையும் திரையிலிருந்தே பெறுகிறார்கள். பெறுவதைச் சோதித்துப் பெறட்டும் என்கிறோம்.

தடை சற்றே தளர்ந்திருக்கிறது. 2019 இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'திரைமொழி' என்றொரு பாடம் இடம்பெற்றது. 2022 இல் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் திரையிடும் திட்டம் தொடங்கிற்று. வரவேற்கிறோம். ஆனால் ஒரு பாடம், தேர்வு நெருங்கினால் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிடும். பிரான்சில் 1980-களிலிருந்து பள்ளியிறுதித் தேர்வில் திரைப்படமும் ஒரு பாடம். இங்கிலாந்தின் ஏ லெவலிலும் உண்டு. பெருங்கட்டணம் வாங்கும் பன்னாட்டுப் பள்ளிகள் பின்பற்றும் இன்டர்நேஷனல் பக்கலோரியேட் திட்டத்திலும் உண்டு. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் திரைப்படம் அறிவுத்துறை. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் கேளிக்கையா? கொட்டகையை நிரப்பியவர்கள் யாருடைய பாட்டன்மார்?

ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் ஆசிரியப் பணியாற்றும் நமக்கு இந்தக் கேள்வி அருகிலேயே நிற்கிறது. பூந்தமல்லிக்கருகே நவீனத் திரைப்பட நகரம் அமையும் என்று 2024 சனவரியில் அரசு அறிவித்தது. நம் பிள்ளைகள் அதன் வாயிலில் நடிகரைக் காணக் கூடும் கூட்டமாக நிற்பதா, கலையை அறிந்தவர்களாக உள்ளே செல்வதா?

மதிப்பெண்ணுக்கு உதவுமா என்பர் சிலர். தொலைக்காட்சி, விளம்பரம், கைப்பேசிக் காணொளி அனைத்தும் பேசும் மொழி இது. அதை அறியாதவர் எழுத்தறியாதவருக்கு ஒப்பானவர். செலவாகுமே என்பர் சிலர். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. கைப்பேசியே இன்று படக்கருவி. இல்லாதது பாடத்திட்டமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும்தாம்.

தோழர்களே! மேல்நிலை வகுப்பில் திரைப்படம் விருப்பப் பாடமாகட்டும். முதலாண்டில் தமிழ்த் திரையின் வரலாறும் திரைமொழியும். இரண்டாம் ஆண்டில் ஒரு படத்தைப் பகுத்தெழுதுதலும் ஐந்து நிமிடப் படமொன்றைத் தாமே எடுத்தலும். இதை ஊர்தோறும் பேசுங்கள், பெற்றோர் கூட்டங்களில் எழுப்புங்கள், கல்வித்துறைக்கு எழுதுங்கள். எதையும் ஏன், எப்படி என்று கேட்கக் கற்ற இளைஞர், இருட்டு அரங்கில் மட்டும் அந்தக் கேள்வியை வாயிலில் விட்டுவிட்டுப் போகலாமா?