ஏழு நூல் மரை

சுட்ட தோட்டாவில் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், அதைப் பற்றவைக்கும் கேப்பு நசுங்கிவிடும். பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். நான்கில் விலை கூடியதும் அதுதான். 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் அதை வீசி எறியவில்லை. ஈயத்தையும் கருமருந்தையும் மொத்தமாக வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, இரவில் கூடாரத்தில் உட்கார்ந்து மறுநாளுக்கான தோட்டாக்களைத் தாங்களே நிரப்பினார்கள். (அந்த எருமை மந்தைகள் அழிந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

இந்தத் தொழில் அமெரிக்காவில் வேரூன்ற ஒரு ஆங்கிலேயரும் காரணம். 1866-இல் இரண்டு வகை கேப்புகள் பிறந்தன. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் செய்ததில் கூட்டின் அடியில் இரண்டு சிறு துளைகள். ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் செய்ததில் நடுவில் ஒரே துளை. ஒரே துளை என்றால் உள்ளிருந்து ஒரு ஊசியை விட்டுப் பழைய கேப்பை ஒரே தட்டில் தள்ளிவிடலாம். அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கொண்டது, பிரிட்டன் தன் .303 ராணுவத் தோட்டாவுக்குப் பெர்டனை வைத்துக்கொண்டது. வீட்டு மேசையில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் இவ்வளவு பரவியதற்கு அந்த ஒற்றைத் துளையை விட்டுவிட்டுக் காரணம் சொல்ல முடியாது.

1884-இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஐடியல் என்ற பெயரில் கம்பெனி தொடங்கினார். அவர் விற்றது பாக்குவெட்டி போன்ற ஒரு கைக்கருவி. பிற்பாடு அந்தத் தொழில் லைமன் கம்பெனிக்குப் போனது. அவர்களுடைய 310 கருவியும் அதே வம்சம்தான். கைப்பிடியை அழுத்தி எவ்வளவு பலம் கொடுத்துவிட முடியும்? கூட்டின் கழுத்தை மட்டும்தான் அதனால் சுருக்க முடிந்தது. முழுக் கூட்டையும் பழைய அளவுக்குக் கொண்டுவர நெம்புகோல் வைத்த பிரஸ் வேண்டும், அதில் மாட்ட நல்ல டை வேண்டும்.

கோவை டூல் ரூமில் டை செய்தே வயதானவன் நான். துப்பாக்கி பிடித்ததில்லை, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது நம் நாட்டில் குற்றம். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் டைகளைக் கையில் கொடுத்தார். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். கண்ணாடி மாதிரிப் பாலிஷ். ஓரத்தில் காற்று வெளியேற ஒரு பொடித்துளை. சுடும்போது உப்பிய பித்தளை டைக்குள் நுழைந்து நசுங்கி, வெளியே வந்ததும் கொஞ்சம் விரியும். அந்த விரிவையும் கணக்கிட்டு டையின் உள்ளளவை அதற்கேற்பக் குறைத்துக் கிரைண்டு செய்திருக்க வேண்டும். செய்தவன் கைகாரன்.

அந்தக் கைகாரர்களில் பேர்போனவர் பிரெட் ஹண்டிங்டன். 1943, போர்க்காலம், கடையில் குண்டு கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், அப்பாவின் சலவைக்கடைப் பின்னறையில் அவர் ஒரு டை செய்தார். சுட்டுப்போட்ட .22 கூடுகளையே மேலுறையாக மாற்றிப் புதுக் குண்டு செய்யும் டை அது. ராக் சக் என்ற வளைவாழ் பிராணியைச் சுடுவதற்கான குண்டு. ராக் சக் புல்லட் ஸ்வேஜ் என்ற பெயரின் முதலெழுத்துகள்தான் இன்றைய ஆர்சிபிஎஸ். போர் முடிந்ததும் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தில் மிச்சமான மருந்தை வாங்கி மலிவாக விற்றார். 1949-இல் நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி குண்டு செய்யத் தொடங்கினார். மருந்தும் குண்டும் மலிந்தபோது டை வாங்க ஆள் கூடினார்கள்.

அப்போதுதான் ஏழு நூல் மரை நிலைத்தது. டூல் ரூம் கணக்கில் ஏழு நூல் என்றால் 7/8 அங்குல விட்டம்; அங்குலத்துக்கு 14 மரை. லைமன் 310 டையின் மரையோ 5/8 அங்குலம். அது ஏழு நூல் பிரஸ்ஸில் நேராக ஏறாது. ஏழு நூல் டையைப் பெரும்பாலும் எவன் செய்த பிரஸ்ஸிலும் திருகலாம். தன் டை அடுத்தவன் பிரஸ்ஸிலும் ஓடினால்தான் வியாபாரம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் மட்டும் பாதிப் புத்திதான் வந்தது. பிரஸ்ஸில் மாட்டும் வடிவம் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டது, எண் ஒன்றாகவில்லை. .30-06 தோட்டாவுக்கு ஆர்சிபிஎஸ் 3 என்கிறது, லீ 2 என்கிறது, ஹார்னடி 1 என்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே ஹோல்டர் .308-ஐயும் பிடிக்கும், .45 கைத்துப்பாக்கித் தோட்டாவையும் பிடிக்கும். 1888-இல் ஜெர்மன் ராணுவம் தன் தோட்டாவுக்கு வைத்த ஏறத்தாழ 12 மி.மீ. அடிவட்டம் மௌசருக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவின் 1906 தோட்டாவுக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டது.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர் டைகளைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவித்தான் வைப்பார். மண் ஒட்டிய கூட்டை உள்ளே விட்டால் டையில் கீறல் விழும். அதன் பிறகு வரும் கூடெல்லாம் அதே கீறலோடு வரும். கூட்டுக்கு மசகு போடாமல் அழுத்தினால் டைக்குள் சிக்கிக்கொண்டு, இழுக்கும்போது அடிவிளிம்பு பிய்ந்து வரும். மசகு மிஞ்சினாலும் கூட்டின் தோளில் பள்ளம் விழும். கார்பைடு வளையம் வைத்த கைத்துப்பாக்கி டைக்கு மசகு வேண்டாம், ஆனால் ஷெல் ஹோல்டரை அதன்மேல் மோதவிட்டால் வளையம் வெடிக்கக்கூடும். ஹோல்டரின் காடியில் ஒரு பித்தளைப் பிசிறு இருந்தால் போதும், கூடு சாய்ந்து நிற்கும். பழைய செட் வாங்குகிறவர்களுக்கு ஒரு டூல் ரூம்காரன் சொல்வது இதுதான்: பெட்டி மேல் உள்ள எண்ணை நம்பாதீர்கள். கூட்டின் அடிவட்டத்தை வெர்னியரில் அளந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.