வாப்பாட சைக்கிளும் கலீலியோவின் வைக்கோலும்

 

போன கிழமை 11ஆம் தர வகுப்பில் ஒரு மகன் கேட்டான்: "சேர், பைப்புக்குள்ள இரும்புக் கம்பியொன்ட போட்டு வெல்டிங் செஞ்சா வாப்பாட சைக்கிள் இனி உடையாதா?"

அவனுடைய வாப்பா சைக்கிளில் மீன் விற்பவர். விடியற்காலையில் சிலாபத்தில் மீன் எடுத்து, பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு மாதம்பைப் பக்கம் ஊர் ஊராகப் போவார். சைக்கிளின் மேல் பார் வெடித்துவிட்டது. உள்ளே கம்பி போட்டால் ஆயுளுக்கும் உடையாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வகுப்பில் பாதிப் பேர் "போடலாம்" என்றார்கள். மற்றப் பாதிப் பேர், "கம்பியைவிட வெற்றுக் குழாய்தானே பலம்" என்றார்கள். இரண்டு கட்சியும் சொன்னது பாதிதான் சரி. இந்தக் கேள்விக்குப் பின்னால் நானூறு வருடத்தைத் தொடும் ஒரு வரலாறு இருக்கிறது. அன்றைக்குப் பாடவேளை போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

இதை முதலில் கணக்காக எழுதியவர் கலீலியோ. 1638இல் அவருடைய கடைசிப் பெரிய நூல் ஹொலந்தின் லெய்டன் நகரில் அச்சானது. அப்போது அவர் பிளாரன்ஸுக்குப் பக்கத்தில் வீட்டுக் காவலில் இருந்தார். கண் பார்வையும் போயிருந்தது. அந்த நூலில் அவர் பறவையின் எலும்பையும், நாணலையும், வைக்கோல் தண்டையும் காட்டினார். ஒரு தாள் தன்னைவிடப் பாரமான கதிரைத் தாங்கி நிற்கிறது. அதே அளவு பொருளைத் திரட்டி உள்ளே இடம் விடாமல் தண்டாகச் செய்திருந்தால், அது இன்னும் மெல்லியதாகி இலகுவில் வளைந்துவிடும் என்றார். ஸூரதுல் முல்க் ஓதும்போது பறவைகள் பற்றிய வசனம் வரும் இடத்தில் எனக்கு இந்த எலும்பின் நினைவு வருவதுண்டு.

கலீலியோவின் கணக்கில் ஒரு பிழையும் இருந்தது. தண்டு வளையும்போது அதன் ஒரு விளிம்பு கீல் போல நிற்க, மற்ற எல்லாப் பகுதியும் இழுபடுகிறது என்று நினைத்தார். உண்மையில் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும், நடுவில் உள்ள பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கும். 1773இல் பிரான்சின் கூலோம் இதைத் தெளிவாக எழுதினார். நடுவில் இருப்பது வேலை செய்யாத பொருள் என்றால், அதை எடுத்து ஓரத்தில் வைப்பதுதானே புத்தி? குழாயின் இரகசியம் அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்ட கணக்கு இது. 1 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு கம்பியை எடுங்கள். அதே நிறை இரும்பில் வெளிவிட்டம் 2 சென்ரிமீற்றராக ஒரு குழாய் செய்தால், உள்விட்டம் 1.73 சென்ரிமீற்றர் வரும். சுவரின் தடிப்பு 1.3 மில்லிமீற்றர் அளவு. அந்தக் குழாய் கம்பியைவிட 7 மடங்கு விறைப்பானது. வளைத்து முறிக்க 3.5 மடங்கு விசை வேண்டும்.

ஆனால் குழாய் எப்போதும் பலம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதே 2 சென்ரிமீற்றர் விட்டத்தில் முழுக் கம்பி செய்தால், அதற்குத்தான் விறைப்பு அதிகம். குழாய்க்கு 7 என்றால் அதற்கு 16. நிறையோ நான்கு மடங்கு. அதாவது கால்வாசி நிறையில், கிட்டத்தட்டப் பாதி பலத்தைக் குழாய் தருகிறது.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் ஆங்கிலேயப் பொறியியலாளர்கள். வேல்ஸில் மெனாய் நீரிணைக்கு மேலே ரயில் பாலம் கட்ட வேண்டியிருந்தது. ரயிலே உள்ளே ஓடும் பெரிய இரும்புக் குழாய்களைப் போடலாம் என்றார் ரொபர்ட் ஸ்டீவன்சன். 1845இல் வில்லியம் ஃபெயார்பெர்ன் மாதிரிக் குழாய்களைப் பாரம் ஏற்றிச் சோதித்தார். மெல்லிய குழாய்களில் மேற்பக்கத் தகடு கடதாசி போலக் கசங்கியது. குழாயின் பலவீனம் அங்கேதான் தெரிந்தது: சுவர் மெலிந்தால், முறிவதற்கு முன்பே கசங்கிவிடும். அதனால் மேற்பக்கத்தைப் பல அறைகளாகச் செய்து பலப்படுத்தினார்கள். 1850இல் பாலம் திறந்தது. நடுவில் இரண்டு பாய்ச்சல்கள், ஒவ்வொன்றும் 140 மீற்றர்.

பிறகுதான் சைக்கிள். 1860களின் ஆரம்ப வண்டிகளில் பாரமான இரும்புத் தண்டுகள் இருந்தன. 1870களில் குழாய் வந்தது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி கொவன்ட்ரியில் 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். அதே வருடம் ஜேர்மனியின் மன்னெஸ்மன் சகோதரர்கள் பொருத்தில்லாத குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார்கள். 1897இல் பர்மிங்ஹாமில் ஆல்பிரட் ரெனால்ட்ஸ், முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் உள்ள குழாய்க்குக் காப்புரிமை எடுத்தார். நமக்குப் பக்கத்தில் சென்னையில் 1949இல் டிஐ சைக்கிள் நிறுவனம் தொடங்கியது. 1955இல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும் வந்தது.

இந்தக் குழாய் இல்லையென்றால் சாதாரண மனிதன் மிதித்துக்கொண்டு பாரம் ஏற்றும் வண்டியே இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தபோது, மூலையில் கிடந்த சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தது நமக்கு நினைவிருக்கும்.

சரி, மகனுடைய கேள்விக்கு வருவோம். அந்த 2 சென்ரிமீற்றர் குழாய்க்குள் 1 சென்ரிமீற்றர் கம்பியைப் போட்டால் என்ன நடக்கும்? நிறை இரட்டிப்பாகும். விறைப்போ 7இலிருந்து 8 ஆகும், அவ்வளவுதான். கம்பி சும்மா இருக்கும் நடுவில் போய்க் கிடக்கிறது. வாப்பா அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தினமும் மிதிக்க வேண்டும். வெடித்த இடத்துக்கு வேண்டியது, சுவரோடு இறுக்கமாகப் பொருந்தும் குழாய்த் துண்டு. ஒட்டிய இடத்தின் பக்கத்தில் திரும்பவும் வெடித்தால், சட்டத்தையே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

நம் கரைக்கு இன்னொரு எதிரி உண்டு: உப்பு. மீன் பெட்டித் தண்ணீர் சீட் குழாய்க்குள் இறங்கினால் துரு உள்ளிருந்து தின்னும். 1.3 மில்லிமீற்றர் சுவரில் அரை மில்லிமீற்றர் போனால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வெளியே பெயின்ற் பளபளப்பாகவே இருக்கும். சீட்டைக் கழற்றி உள்ளே கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால், அடைபடாமல் பாருங்கள். குழாய் நெளிந்திருந்தால் அலட்சியம் வேண்டாம். கசங்குவது அங்கிருந்துதான் தொடங்கும்.

மீன் சைக்கிள் ஓட்டும் நானாமார் யாரையாவது தெரிந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் எல்லோருடைய பயணத்தையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. வஸ்ஸலாம்.