விடுதலை கேட்கும் மனு: 1843ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விடுதலைச் சான்றிதழ் வரை

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள மானாவாரிக் கரிசல் ஊர்களில், மழை பொய்த்த ஆண்டில் முன்பணத்துடன் தரகர் வந்து நிற்பது புதிய செய்தியன்று. செங்கல் சூளைக்கோ, நூற்பாலைக்கோ, ஆட்டுக் கிடைக்கோ அந்தப் பணம் ஒரு குடும்பத்தைக் கொண்டு சேர்க்கிறது. கணக்கு முடியாமல் ஊர் திரும்பக் கூடாது என்று தடுக்கப்படும்போதுதான் வாங்கிய தொகை தங்கள் உடலுக்கான விலை என்பது அவர்களுக்குப் புரிகிறது. எப்படியோ தப்பி வந்து சட்ட உதவி நாடுவோர், தங்களை விடுவிக்கச் சட்டம் உண்டா என்று முதலில் கேட்பதில்லை. "மீதிப் பணம் கட்டாமல் வந்துவிட்டோம், எங்கள்மேல் வழக்கு வருமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அடிமைப்படுத்தப்பட்டவர் தம்மையே குற்றவாளியாகக் கருதும் இந்த அச்சம் சட்டத்தின் வரலாற்றோடு பிணைந்தது. அவ்வரலாற்றையும், இன்று விடுதலை கோரும் மனு எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் களப்பணியாளர்களும் மாணவர்களும் பயன்படுத்தும் வகையில் இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

பிற நாடுகளின் விடுதலை வழக்குகள்

அடிமைகள் தம் விடுதலைக்காக நீதிமன்றம் சென்ற வழக்குகள் உலக வரலாற்றில் பல உண்டு. 1772இல் லண்டனில் ஜேம்ஸ் சாமர்செட் என்பவருக்காக ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அவரை இங்கிலாந்திலிருந்து வலுக்கட்டாயமாகக் கப்பலேற்ற முடியாது என்று மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். 1781இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எலிசபெத் ஃப்ரீமன் என்ற அடிமைப் பெண், அம்மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு மனிதர் அனைவரையும் சமமெனச் சொல்வதைக் காட்டி வழக்காடி விடுதலை பெற்றார். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் குடிமக்களே அல்லர் என்று கூறி, வழக்குத் தொடுக்கும் உரிமையையே மறுத்தது.

வெற்றியோ தோல்வியோ, இவ்வழக்குகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒரு மனிதர் நீதிமன்றத்தின் முன் நின்று தம் நிலையைப் பற்றிய கேள்வியை எழுப்பினார். நீதிமன்றம் அதற்குப் பெயரிட்டு விடை சொல்ல வேண்டியிருந்தது. நம் நாட்டில் அந்தக் கேள்வி வேறு வழியில் கையாளப்பட்டது.

1843: கைகழுவிய சட்டம்

சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைமுறை நிலவியதைக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்கு அறிந்திருந்தது. 1819இல் வருவாய் வாரியம் ஆட்சியர்களிடமிருந்து இது குறித்த அறிக்கைகளைத் திரட்டியது. அன்றைய ஆவணங்கள் பள்ளர் என்றும் பறையர் என்றும் குறிக்கும் மக்களே உழவு அடிமைகளுள் பெரும்பான்மையினர். நிலத்தோடு சேர்த்தும், சில இடங்களில் தனித்தும் அவர்கள் விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர்.

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரிப் பாக்கிக்காகவோ எந்த அரசு அலுவலரும் ஒருவரை அடிமையென்று விற்கக் கூடாது. அடிமையின்மீது உரிமை கோரும் எந்த வாதத்தையும் நீதிமன்றம் ஏற்காது. அடிமையாக இருந்தவர் என்ற காரணத்தால் ஒருவர் ஈட்டிய சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திரமான மனிதருக்கு இழைத்தால் குற்றமாகும் செயல், அடிமைக்கு இழைத்தாலும் குற்றமே.

இச்சட்டத்தில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அது கூறவில்லை. எவரையும் பெயர் சொல்லி விடுவிக்கவில்லை. நிலமோ இழப்பீடோ தரவில்லை. ஆண்டையின் உரிமைக்கு நீதிமன்றம் துணை நிற்காது என்பதோடு அது நின்றுவிட்டது. அடிமைகளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862 சனவரி 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான்.

இதற்கிடையில் 1859இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலை செய்ய மறுத்தால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ நடுவர் ஆணையிடலாம். மீறினால் சிறைக்கு அனுப்பலாம். ஒப்பந்த மீறல் என்பது உரிமையியல் விவகாரம். தொழிலாளி மீறும்போது மட்டும் அது சிறைத் தண்டனைக்குரியதாக்கப்பட்டது. 1925இல் நீக்கும் சட்டம் இயற்றப்படும் வரை இது நீடித்தது. பிறப்பால் பூட்டிய விலங்கை ஒரு சட்டம் கண்டும் காணாமல் விட்டது. கடனால் பூட்டிய விலங்குக்கு இன்னொரு சட்டம் காவல் நின்றது. தப்பி வந்த குடும்பம் இன்றும் வழக்குக்கு அஞ்சுவதன் வேர்களுள் இதுவும் ஒன்று.

கடல் கடந்த யாழ்ப்பாணத்தில் கதை சற்று வேறு. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த அங்கு, தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டனின் முயற்சியால், 1816 ஆகஸ்டு 12 முதல் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர்கள் என்று அடிமை உடைமையாளர்கள் ஒப்புக்கொண்டனர். இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1844இல். இரு கரைகளிலும் நிலம் மட்டும் கைமாறவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணை எண் 1010, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி செய்தது. அந்தப் பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டம் இன்றும் தொடர்கிறது.

அரசியலமைப்பும் 1976ஆம் ஆண்டுச் சட்டமும்

அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 17ஆம் உறுப்பைப் போலவே இதுவும் அரசுக்கு எதிராக மட்டுமின்றித் தனியாருக்கு எதிராகவும் செல்லும் உரிமை. இதனை நடைமுறைப்படுத்தும் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1975 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படுகிறது.

கொத்தடிமை என்றதும் சங்கிலியும் பூட்டிய கதவும் நினைவுக்கு வருகின்றன. சட்டத்தின் 2ஆம் பிரிவு தரும் விளக்கம் அதைவிட விரிவானது. கடனுக்காகவோ, வழக்காற்றுக் கடமைக்காகவோ, பரம்பரைப் பொறுப்புக்காகவோ, பொருளியல் பயனுக்காகவோ, குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தாலோ ஒருவர் உழைப்பைத் தரும்போது, பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலே போதும்:

1. கூலியின்மை அல்லது பெயரளவிலான கூலி.
2. வேறு வேலைக்குச் செல்லும் உரிமை மறுக்கப்படுதல்.
3. விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமை மறுக்கப்படுதல்.
4. தம் பொருளையோ உழைப்பின் விளைவையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை மறுக்கப்படுதல்.

சாதியையே அடிமைத்தனத்தின் காரணங்களுள் ஒன்றாகச் சட்டம் ஏற்றுள்ளது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதப்பட்ட ஒப்பந்தமும் தேவையில்லை.

நீதிமன்றங்கள் வகுத்த நெறிகள்

1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான கூலிக்கு ஒருவர் உழைப்பதும் 23ஆம் உறுப்பின்படி கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி.

ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்கள் குறித்து பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. அவ்வழக்கின் தீர்ப்பு 1983 திசம்பரில் வந்தது. ஒருவர் கட்டாய உழைப்புக்கு ஆட்பட்டிருப்பது தெரிந்தால், அவர் முன்பணமோ வேறு பயனோ பெற்றதால்தான் அவ்வாறு உழைக்கிறார் என்று நீதிமன்றம் ஊகிக்கும். அதை மறுத்து மெய்ப்பிப்பது முதலாளியின் பொறுப்பு. 1984இல் நீரஜா சௌத்ரி வழக்கு, மறுவாழ்வு இல்லாத விடுதலை மக்களை மீண்டும் அடிமைத்தனத்துக்கே தள்ளும் என்று எச்சரித்தது.

தமிழ்நாட்டைப் பற்றிய முதன்மை வழக்கு, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 1985இல் தொடுத்தது. அதில் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 1995 அக்டோபரில் அளித்த அறிக்கை, மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டது. 2012 அக்டோபரில் வந்த தீர்ப்பு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய கணக்கெடுப்பு நடத்தப் பணித்தது.

மனுவை எழுதும் முறை

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒருவர் சட்டத்தின் பார்வையில் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டவர். அரசு அதை அறிந்து, ஏற்று, எழுத்தில் தர வேண்டும் என்பதே மனுவின் கோரிக்கை. அந்த எழுத்துதான் விடுதலைச் சான்றிதழ்.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ அளிக்க வேண்டும். சங்கரன்கோவிலில் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. வேலைத்தளம் வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள ஆட்சியருக்கும் ஒரு படி அனுப்புவது நன்று. விசாரிப்பது அவர்களுடைய கடமை என்று 12ஆம் பிரிவு கூறுகிறது. உரிமையியல் நீதிமன்றங்களுக்கு இதில் அதிகாரமில்லை. ஆகவே அங்கே காலத்தை இழக்க வேண்டாம்.

மனுவில் இடம்பெற வேண்டியவை: முன்பணம் எவரால், எப்போது, எவ்வளவு தரப்பட்டது, குடும்பத்தில் குழந்தைகள் உட்பட எத்தனை பேர் உழைத்தனர், வேலை நேரம், கையில் கிடைத்த கூலி, வெளியே செல்லத் தடை, கைப்பேசி அல்லது ஆதார் பறிப்பு, அடி, மிரட்டல், சாதி இழிசொல். தேதி நினைவில்லையெனில் திருவிழா, அறுவடை, பள்ளித் தேர்வு என்று காலத்தைக் குறிக்கலாம். வாங்கியது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது.

உள்ளே இருப்போரை உடனே மீட்க வேண்டுமெனில் இரு வழிகள் உள்ளன. ஒன்று, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 100ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் தேடுதல் ஆணை கோருவது. மற்றொன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. மீட்கப்பட்டோர் பட்டியலினத்தவராகவோ பழங்குடியினராகவோ இருந்து, குற்றம் இழைத்தவர் அவ்வகுப்பினர் அல்லாதவராயின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்குமாறு வற்புறுத்த வேண்டும்.

சான்றிதழ் நழுவும் இடம்

பெரும்பாலான விண்ணப்பங்கள் தோற்பது நீதிமன்றத்தில் அன்று. விசாரணை நடக்கும் அந்த ஒரு பிற்பகலில். முதலாளியின் முன்னிலையில், சூளை வாசலில் வைத்துக் கேள்வி கேட்கப்படும்போது தொழிலாளி தலைகுனிகிறார். "கணக்குத் தகராறு", "கூலிப் பாக்கி" என்று அறிக்கை எழுதப்படுகிறது. குடும்பம் ஊருக்கு அனுப்பப்படுகிறது, சான்றிதழ் இல்லை. மீட்பு நடந்தது போலவே தோன்றும், ஆனால் சட்டத்தின் முன் எதுவும் நடக்கவில்லை.

இழப்பு பெரிது. 2016ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டப்படி வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டோருக்கு 3 லட்சம் ரூபாய் உண்டு. உடனடி உதவி முதலில் 20,000 ரூபாயாகவும் பின்னர் 30,000 ரூபாய் வரையும் அமைந்தது. பெருந்தொகையைக் குற்றவாளியின் தண்டனையோடு இணைத்தது அத்திட்டத்தின் குறை. வழக்கு இழுபடும் ஆண்டுகளில் பசித்த குடும்பம் அடுத்த தரகரிடம் போய்ச் சேர்கிறது. ஆதலால் விசாரணையின்போது வாக்குமூலத்தைத் தனியிடத்தில் பதிவு செய்யக் கோருவதும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்பதும், அந்த எழுத்தைக் கொண்டு உயர் நீதிமன்றம் செல்வதும் இன்றியமையாதவை.

மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு அமைக்க 13ஆம் பிரிவு பணிக்கிறது. மாவட்டக் குழுவில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் மூவர் இடம்பெற வேண்டும். அக்குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் போடுவது எந்தக் கல்லூரி மாணவரும் செய்யக்கூடிய பணி.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மீதிப் பணத்துக்காக வழக்கு வருமா? 6ஆம் பிரிவின்படி கொத்தடிமைக் கடன் முற்றாக அழிந்தது. அதைக் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது. 9ஆம் பிரிவின்படி அந்தப் பணத்தை வாங்குபவரே மூன்றாண்டு வரை சிறைக்குரியவர். மீறி எவரேனும் வழக்குப் போட்டால், தொழிலாளியின் சார்பில் அதை எதிர்கொள்வது கண்காணிப்புக் குழுவின் கடமை என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. இந்த மூன்று செய்திகளையும் தரகர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு சேரியிலும் காலனியிலும் நாம் சொல்லியாக வேண்டும்.