முத்துக்கரையின் நீதிபதி: சைமன் காசிச்செட்டி (1807–1860)

தூத்துக்குடிக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் நடுவே கிடக்கிறது மன்னார் வளைகுடா. இதன் இரு கரைகளிலும் முத்துக்குளிப்பு நடந்தது. கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவர்களும் அந்தக் கரைக்கும் போய்க் கடலில் மூழ்கினார்கள். முத்துக்குளிப்புக்குத் தமிழில் 'சலாபம்' என்று பெயர். இலங்கையின் சிலாபம் என்ற ஊர்ப்பெயரும் அதிலிருந்து வந்ததாகவே சொல்வார்கள். அந்தச் சிலாபத்தில் நீதிபதியாக இருந்தவர்தான் சைமன் காசிச்செட்டி. அவர் கிறிஸ்தவர். ஆனாலும் நம் சமுதாயத்தின் வரலாற்றைத் தேடுவோர் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

பிறப்பும் பதவியும்

1807 மார்ச் 21இல் கற்பிட்டியில் பிறந்தார். தமிழகத்திலிருந்து இலங்கைக்குப் போய்க் குடியேறிய கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். கற்பிட்டியும் புத்தளமும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர்கள். ஆகவே சிறு வயது முதலே அவருடைய அண்டை வீட்டார் நம்மவர்கள். ஆங்கில அரசின் பணியில் சேர்ந்து, புத்தளத்தின் மணியக்காரராகவும் கற்பிட்டியின் முதலியாராகவும் உயர்ந்தார்.

சட்டசபை உறுப்பினர்

1833இல் இலங்கையில் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்களுக்கு 6 இடங்கள். ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. தேர்தல் கிடையாது, ஆளுநரே நியமிப்பார். தமிழருக்கான இடத்தில் முதலில் இருந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. அவருக்குப் பின் 1838இல் காசிச்செட்டி நியமிக்கப்பட்டு 1845 வரை இருந்தார். பிறகு அரசின் நிர்வாக, நீதித்துறைப் பணிகளுக்குச் சென்று, சிலாபத்தின் மாவட்ட நீதிபதி ஆனார்.

அந்தச் சபையில் முஸ்லிம்களுக்கென்று இடமே இல்லை. 1889இல் எம்.சி. அப்துல் ரகுமான் நியமிக்கப்பட்ட பிறகுதான் அது கிடைத்தது. அதுவரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக முஸ்லிம்களின் காரியங்கள் பிறர் வாயால்தான் சபைக்குப் போயின.

எழுத்துப்பணி

பதவியை விட எழுத்தே அவரை நிலைநிறுத்தியது. 27 வயதில், 1834இல், 'சிலோன் கெசட்டியர்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். இலங்கையின் ஊர்கள், ஆறுகள், துறைமுகங்கள் பற்றிய விவரங்களை அகரவரிசையில் தரும் நூல் அது. இலங்கைச் சோனகர்களின் பழக்கவழக்கங்கள் பற்றியும் அவர் எழுதினார். அயல் சமூகத்தின் வாழ்க்கையும் பதிவு செய்யத் தக்கது என்று கருதியவர் அவர்.

1859இல் யாழ்ப்பாணத்தில் 'தமிழ் புளூட்டாக்' அச்சானது. ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் தொகுத்த நூல். புலவர் வரலாறுகளை ஒரே இடத்தில் திரட்டிய தொடக்க முயற்சிகளில் முக்கியமானது. 1886இல் வெளிவந்த சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' போன்ற நூல்களுக்கு அது வழிகாட்டியது. அந்த நூல் வந்த மறு ஆண்டே, 1860 நவம்பர் 5இல், தம் 53ஆம் வயதில் காசிச்செட்டி காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அதே தமிழர் இடத்தில் இருந்த பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று வாதிட்டார். 1888இல் அது கட்டுரையாகவும் வெளிவந்தது. அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூல் 1907இல்தான் வந்தது. இடையில் ஏறக்குறைய 20 ஆண்டுகள். நம்மைப் பற்றி நாம் எழுதி வைக்காத போது, பிறர் எழுதியதை வைத்தே நம்மை உலகம் அறிகிறது. அதற்குப் பதில் சொல்லவும் காலம் பிடிக்கிறது.

முத்துக்குளிப்பும் இன்று கதையாகிவிட்டது. தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961இல். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று முதியவர்கள். கொழும்புக்குத் தோணியில் போய் வந்த வாப்பா, பாட்டன்மார் கதைகள் எத்தனையோ வீடுகளில் இன்னும் பேச்சளவில்தான் இருக்கின்றன. ஊர், பெயர், ஆண்டு என்று நான்கு வரி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாலும் போதும். சின்ன ஊரில் அரசுப் பணி பார்த்துக்கொண்டே காசிச்செட்டியும் அப்படித்தான் எழுதத் தொடங்கினார்.