கண்ணாடிக் குழலுள் இரு நாக்குகள்



மன்னார்த் தீவின் தென்கரையிலே உள்ள தாழ்வுபாடு என்னும் மீனவர் ஊரில் காற்றைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. சோழகம் எழுந்துவிட்டதா, கச்சான் தணிந்ததா, வாடை எப்போது திரும்பும் என்பன அங்கே பொழுதுபோக்குக்காகக் கேட்கப்படும் கேள்விகள் அல்ல. வள்ளம் கடலில் இறங்குமா, அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்குமா என்பவற்றைத் தீர்மானிக்கும் கேள்விகள் அவை. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி மன்னார்க் கரையையும் தாக்கியது. காற்று என்ன செய்ய வல்லது என்பதை இந்தக் கடலின் இரு கரையாரும் ஒரே இரவில் அறிந்தனர். 2020 ஆம் ஆண்டில், அதே தீவின் தென்கரையோரமாக, ‘தம்பபவனி’ என்ற பெயரில் முப்பது காற்றாலைகளை இலங்கை மின்சார சபை நிறுவியது. மேலும் காற்றாலைகள் வேண்டுமா, வேண்டாமா என்பதில் மன்னார் மக்கள் 2025 ஆம் ஆண்டில் வீதிக்கு இறங்கிப் போராடியதையும் நாடறியும். ஆதரிப்போரும் எதிர்ப்போரும் மேற்கோள் காட்டுவன கணக்குகளையே. அத்தகைய கணக்குகள் பலவற்றின் அடியில், நம் சுண்டுவிரல் நீளமும் இல்லாத ஒரு கண்ணாடிக் குழல் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். அதன் வரலாற்றையும், அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

அதன் பெயர் றீட் ஆளி. ‘றீட்’ என்பது காற்று வாத்தியத்தின் நாக்கு. நாதசுரத்தின் சீவாளியை நினைத்துக்கொள்ளுங்கள்: இரு மெல்லிய தகடுகள் நுனியில் நெருங்கி நிற்கின்றன. இங்கே தகடுகள் புல்லால் ஆனவை அல்ல. ஏறத்தாழச் சரிபாதி நிக்கலும் சரிபாதி இரும்பும் கலந்த உலோகத்தால் ஆனவை. இரண்டும் ஒரு கண்ணாடிக் குழலினுள்ளே, நுனிகள் தொடாதபடி மிகச் சிறு இடைவெளியோடு வைத்து அடைக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து ஒரு காந்தம் நெருங்கினால், ஒரு நுனி வடமுனையாகவும் மற்றது தென்முனையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்துத் தொடுகின்றன, மின்னோட்டம் பாய்கிறது. காந்தம் அகன்றால் தகடுகள் தம் நெகிழ்வினாலேயே பிரிகின்றன. அவ்வளவுதான் பொறிமுறை. கலைப் பட்டதாரியாகிய எனக்கே விளங்கியதென்றால் நேயர்களுக்கு விளங்காமற் போகாது.

இவ்வளவு எளிய பொருள் உலகிற்கு வர ஏன் இத்தனை காலம் எடுத்தது? 1835 அளவில் அமெரிக்காவின் யோசேப் ஹென்றி, மின்காந்தத்தால் ஓர் இரும்புத் துண்டை இழுத்து மற்றொரு மின்சுற்றை இயக்கும் றிலேயை அமைத்துவிட்டார். தந்தி அந்தக் கருவியின் துணையோடுதான் நெடுந்தூரம் ஓடியது. 1850 களின் பிற்பகுதியில் நம் நாட்டுத் தந்திக் கம்பி மன்னாரின் வழியாகச் சென்று, கடலடிக் கம்பியோடு இணைந்து, இந்தியாவை எட்டியது. ஆனால் அக்காலத் தொடுகைகள் யாவும் திறந்த வெளியில் இருந்தன. தூசியும் உப்புக் காற்றும் படிந்தால் தொட்டும் தொடாதவைபோல் ஆகிவிடும். தொலைபேசி பெருகிய போது இந்தத் தொல்லையும் பெருகிற்று. ஒரு நகரத்தின் இணைப்பகத்தில் எண்ணிறந்த தொடுகைகள். அவற்றைத் துடைப்பதற்கென்றே ஆட்கள்.

1922 இல் சோவியத் பேராசிரியர் வலந்தீன் கோவலென்கோவ், காந்தப்புலத்தால் நேரடியாக இயங்கும் தொடுகை ஒன்றை முன்மொழிந்தார். அதனைக் கண்ணாடியுள் அடைத்து இன்றைய உருவைக் கொடுத்தவர் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வால்ற்றர் எல்வுட். ஆண்டு 1936, காப்புரிமை கிடைத்தது 1941 இல். குழலினுள்ளே நைதரசன் வாயுவை நிரப்பினார்கள், சிலவற்றில் வெற்றிடம். கறல் பிடிக்க உள்ளே ஒட்சிசன் இல்லை. 1965 இல் நியூ ஜேர்சி மாநிலத்துச் சக்கசன்னா என்ற சிற்றூரில் திறக்கப்பட்ட மின்னணுத் தொலைபேசி இணைப்பகம், இத்தகைய நாக்குகளைக் கொண்டே பேச்சுகளை இணைத்தது.

இனி, அது காற்றுமானிக்குள் புகுந்த கதை. 1846 இல் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தைச் சேர்ந்த தோமஸ் றொபின்சன் நான்கு கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியை அமைத்தார். கிண்ணங்கள் எந்த அளவினவாயினும் காற்றின் வேகத்தில் மூன்றிலொரு பங்கு வேகத்தில் சுழலும் என்று அவர் நம்பினார். பிற்காலத்தார் சோதித்து, அவ்விகிதம் கிண்ணத்தின் பருமனுக்கும் கையின் நீளத்துக்கும் ஏற்ப மாறும் என்று காட்டினர். 1926 இல் கனடாவின் யோன் பற்றர்சன் மூன்று கிண்ணங்களே மேலெனக் கண்டார். ஆயினும் கம்பத்தின் உச்சியில் நிகழும் சுழற்சியைக் கீழே இருப்பவருக்கு எப்படி அறிவிப்பது? உரசும் தொடுகையை வைத்தால் மென்காற்றில் கிண்ணங்கள் தயங்கும். கடற்கரையில் சில காலத்தில் கறலும் பிடிக்கும். அச்சில் ஒரு சிறு காந்தமும் அருகே ஒரு றீட் ஆளியும் வைத்தால் ஒன்றும் உரசுவதில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. துடிப்புகளை எண்ணினால் வேகம்.

‘கடையில் உள்ளவற்றுள் பெரியதை வாங்கிப் பூட்டினால் என்ன, சேர்?’ என்று மாணவர் ஒருவர் என்னிடம் வினவினார். நியாயமான வினாத்தான். பெரிய பூட்டு நல்ல பூட்டு என்று நம்பும் உலகம் இது. ஆனால் இங்கே பெரியது பெரும்பாலும் பிழையானது. அதிக வோல்ற்றைத் தாங்கும் ஆளிகளின் நுனியில் தங்குதன் பூசப்பட்டிருக்கும். அதன் தொடுகைத் தடை கூடியது. ஆதலால் காற்றுமானியின் நுண்ணிய மின்னோட்டத்தை நம்பகமாகக் கடத்தாது. நமக்கு வேண்டியது உரோடியமோ உருத்தேனியமோ பூசிய சிறிய ஆளி. சிறிய தகடு விரைந்து மூடும். மூடியபின் துள்ளுவதும் குறைவு.

ஆயுளையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கிண்ணங்கள் சராசரியாகச் செக்கனுக்கு மூன்று சுற்றுச் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2,59,200 துடிப்புகள். ஓர் ஆண்டுக்கு ஒன்பதரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பத்துக் கோடி தடவை இயங்கும் என்று உத்தரவாதம் அளிக்கப்பட்ட ஆளி, ஓயாத காற்றில் ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கே போதும். நூறு கோடி தடவை உழைப்பது வேண்டும். முழுச் சுமையில் சில இலட்சம் தடவையோடு நின்றுவிடும் ஆளியும், மிகச் சிறு மின்னோட்டத்தில் நூறு கோடியை எட்டுவதுண்டு. எனவே பட்டியலில் ஆயுளை வாசிப்பவர், எந்தச் சுமைக்குரிய ஆயுள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மழைமானியின் கதை வேறு. 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை சரியும் வாளியில், ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீற்றர் பெய்தாலும் ஐயாயிரம் துடிப்புகளே. அந்தப் பத்துக் கோடி ஆளி இருபதாயிரம் ஆண்டுகள் உழைக்கும். அதுவரை வாளி இருக்குமா என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றினும் நுட்பமானது உணர்திறன். அதனை அம்பியர்-சுற்று என்ற அலகால் குறிப்பர். பத்திலிருந்து அறுபது வரை உள்ளவை வழக்கமாகக் கிடைக்கும். எண் குறைந்தால் மென்மையான காந்தத்துக்கும் ஆளி மூடும். அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மூடுவதற்கு வேண்டிய காந்தவலு ஒன்று, திறப்பதற்கு அது குறைய வேண்டிய அளவு வேறொன்று. பின்னையது எப்போதும் தாழ்ந்தது. மிகுந்த உணர்திறன் உடைய ஆளிக்கருகே வலிய காந்தம் சுழன்றால், காந்தம் மறுபக்கம் போன பின்னும் ஆளி திறவாமல் ஒட்டியே நிற்கலாம். அப்போது புயலின் நடுவிலும் கருவி ‘காற்று இல்லை’ என்று சொல்லும். காந்தத்தை வைக்கும் திசையிலும் ஒரு பொறி உண்டு. காந்தத்தின் முனைகள் ஆளியின் நீளத்துக்கு இணையாக அமைந்து, அது அந்த நீளவாக்கிலேயே கடந்து சென்றால், நடுவில் ஒரு மூடலும் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு மூடலுமாக மூன்று நிகழக்கூடும். ஒரு சுற்று மூன்றாக எண்ணப்படும். அந்தக் கணக்கை நம்பி ஒருவர் காற்றாலைக்குப் பணம் போடுவார். மற்றொருவர் வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போடுவார். அதே காந்தம் ஆளிக்குக் குறுக்காகக் கடந்து சென்றால் ஒரே ஒரு மூடல்தான்.

கம்பம் உயர்ந்தால் கம்பி நீளும். நீண்ட கம்பி தன்னுள் மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்து, ஆளி மூடும் கணத்தில் ஒரேயடியாக அதனூடே கொட்டும். மெல்லிய நுனிகள் உருகி ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். ஆளிக்கு அருகிலேயே ஒரு சிறு தடையைத் தொடராக வைத்தால் அந்தப் பாய்ச்சல் அடங்கும். மிக மலிவான காப்பு. இடி மின்னலுக்கு அது போதாது. அதற்குத் தனிக் காப்பு வேண்டும்.

இன்று ஒலியலையைக் கொண்டு காற்றை அளக்கும், சுழலும் பாகமே இல்லாத கருவிகள் வந்துவிட்டன. ஹோல் விளைவு என்ற தத்துவத்தில் இயங்கும் காந்த உணரிகளும் உண்டு. எட்வின் ஹோல் அதனை 1879 இலேயே கண்டார். அவற்றுக்குத் தேய்வில்லை. ஆனால் அவை இடையறாது மின்சாரம் கேட்கும். றீட் ஆளியோ திறந்து நிற்கையில் ஒரு துளி மின்சாரமும் கேளாது. மின்கம்பி எட்டாத கரையில், சிறு மின்கலம் ஒன்றை நம்பி மாதக்கணக்கில் நிற்க வேண்டிய கருவிக்கு இதைவிட இசைந்தது இன்னும் அரிது.

வாங்கியபின் பூட்டுவதிலும் கவனம் வேண்டும். கம்பிக் கால்களைக் கண்ணாடியை ஒட்டி வளைத்தால் கண்ணாடி மயிரிழையாக வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருந்த நைதரசன் போய் உப்புக் காற்று புகும். ஆதலால் வளைக்கும் இடத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே குறட்டால் பிடித்துக்கொண்டு வளைக்க வேண்டும். பற்றாசு பிடிக்கும்போது சூடு குழலை எட்டாதிருக்கவும் அதே குறடு உதவும். கால்களைக் குட்டையாக வெட்டினால் ஆளியின் உணர்திறன் குறைந்துவிடும். ஏனெனில் அந்தக் கால்களும் காந்தவழியின் பகுதியே. வெட்டிய பிறகே காந்தத்தின் தூரத்தை அளந்து பொருத்த வேண்டும். பிறகு கிண்ணத்தைக் கையால் மெல்லப் பத்துச் சுற்றுச் சுற்றி, எண்ணி பத்து என்று காட்டுகிறதா எனப் பார்த்து, அதன் பின்னரே கம்பத்தில் ஏற்றலாம்.