தங்கவயலும் சைக்காலஜி பாடமும்

அமெரிக்க ஹைஸ்கூல்களில் ஏபி சைக்காலஜி என்று ஒன்று உண்டு. பள்ளியில் உட்கார்ந்தபடியே கல்லூரி முதல் வருடப் பாடம் படிக்கலாம். 1992-இல் இதற்கு முதல் பரீட்சை நடந்தது. எங்கள் வீட்டிலும் இந்த வருடம் புத்தகம் வந்து இறங்கியிருக்கிறது (தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம்).

அடுத்தவர் மனசைப் படிக்கிற வித்தை என்று நினைத்துச் சேரும் பிள்ளைகள் முதல் மாதமே முழிப்பார்கள். மூளை, நரம்பு, தூக்கம் என்று ஏகத்துக்கும் பயாலஜி. அப்புறம்தான் ஞாபகம், கற்றல், குழந்தை வளர்ச்சி, மனநலம் எல்லாம். மே மாதப் பரீட்சையில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 75, எழுதும் கேள்விகள் இரண்டு. ஒன்றில் ஓர் ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து, எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், நெறிமுறைப்படி செய்தார்களா என்று குடைவார்கள். வெறும் மனப்பாடம் அங்கே செல்லாது.

அளப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் ஆய்வகம் தொடங்கியதே அதற்காகத்தான். இந்தியாவில் முதல் சைக்காலஜி துறை 1916-இல் கல்கத்தாவில் வந்தது. அடுத்தது? நம்ம மைசூர்! தங்கவயல் அப்போது மைசூர் சமஸ்தானம்தானே. 1924-இல் அங்கே துறையைத் தொடங்கியவர் எம்.வி. கோபாலசுவாமி. லண்டனில் ஸ்பியர்மனிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். மனுஷர் சும்மா இருக்கவில்லை, 1935-இல் மைசூரில் ஒரு வானொலி நிலையமும் ஆரம்பித்தார். ஆகாசவாணி என்று பெயர். பிற்பாடு அகில இந்திய வானொலிக்கே அந்தப் பெயர் வந்தது.

பாடத்தில் பாவ்லோவின் நாய் வந்ததும் மகளுக்கு எங்க ஊர்க் கதையைச் சொன்னேன். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே லைன் வீடுகளில் பாத்திரம் கடகடவென்று ஆடும். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். அப்பா அன்றைக்கு எந்த ஷிஃப்ட் என்ற யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான். மணிச் சத்தத்துக்கு நாய்க்கு எச்சில் ஊறுகிற கணக்குதான் இது. நாய்க்குக் கிடைத்தது சோறு, அவ்வளவே வித்தியாசம்.

மணி மட்டும் அடித்து, சோறு வராமலே இருந்தால் பழக்கம் மெல்ல விட்டுப்போகும் என்கிறது பாடம். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். உள்ளே தண்ணீர் ஏறிய பிறகும் பூமி அவ்வப்போது அதிரத்தான் செய்தது. கீழே ஒருவரும் இல்லை. அம்மா அப்போதும் வாசலுக்கு வந்து நிற்பார்.

"ஆயாவுக்கு வருஷா வருஷம் கொஞ்சமாவது குறைஞ்சுதாப்பா? யாராவது எண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் மகள்.

எண்ணவில்லை.