துண்டும் கபீலும்

தரம் 10 வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், தோட்டத்துக்கு ஆள் எடுக்க ஏன் இந்தியாவுக்குப் போனாங்க? இங்க ஆள் இல்லையா?"

நல்ல கேள்வி. ஆள் இருந்தது. ஆனால் கண்டிப் பகுதி விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது. துரைமார் கொடுத்த கூலிக்கு வருடம் முழுக்கத் தோட்டத்தில் நிற்க அவர் விரும்பவில்லை. கூலியைக் கூட்டியிருக்கலாம். அதை விட்டுக் கடலுக்கு அப்பால் ஆள் தேடினார்கள்.

1830களில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து வறுமைப்பட்ட சனம் வந்தது. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடை. வழியிலேயே காலராவில் மௌத்தானவர்கள் ஏராளம்.

ஆள் வந்ததும் வர்த்தகம் பெருகியது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. தேயிலை லண்டனுக்குப் போனது; தொழிலாளிக்கான அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. அந்த அரிசியின் விலையைக் கூலியிலேயே கழித்தார்கள்.

கூலி மட்டும் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக உயரவில்லை. 1870களிலிருந்து வெள்ளி விலை விழ, ரூபாவின் பெறுமதியும் விழுந்தது. தேயிலை பவுணில் விற்றது, கூலி ரூபாவில் போனது. இடையில் கிடைத்த இலாபம் துரைமாருக்கு.

அப்படியென்றால் ஏன் வேறு தோட்டத்துக்குப் போகவில்லை? அங்கேதான் 'துண்டு' வருகிறது. பயணத்துக்கு வாங்கிய முன்பணம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறும். அந்தக் கடனை எழுதிய சீட்டுதான் துண்டு. புதிய தோட்டம் அதைக் கட்டினால்தான் தொழிலாளி மாறலாம்.

1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இந்திய அரசின் அழுத்தமும் அதற்கு ஒரு காரணம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 1970களில் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து நம்மவர்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். இங்கே ஏஜென்சிக்குக் கட்டக் கடன், அங்கே கபீல். கட்டார் 2020இல்தான் முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. 2021 மார்ச்சில் 1000 றியால் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் நடந்த அதே வரிசை: முதலில் துண்டு, பிறகு கூலி.

எல்லை தாண்டினால் மட்டும் சம்பளம் உயராது. பிடிக்காத இடத்தை விட்டு விலக முடிந்தால்தான் உயரும்.

போகப்போகும் தம்பிமாரே, "சம்பளம் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்தக் கடன் எத்தனை மாதத்தில் தீரும்? வேலை மாறலாமா?" என்றும் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.